தோட்டா அலுமாரிக்கு மேலே ஒற்றைப் பூட்ஸ்

கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் கிழமைக்குள் ஒரு கேள்வி கேட்பார்கள். தோட்டா அலுமாரிக்கு மேலே ஏன் ஒற்றை ரப்பர் பூட்ஸ் இருக்கிறது? அதுவும் இடது காலுக்கானது, காய்ந்த சேறும் போகாதது. மனேஜர் உதட்டைப் பிதுக்கி, "அன்ரியைக் கேளுங்கள்" என்பார். அந்த அன்ரி நான்தான், போன வருடம் ஓய்வுபெற்றுவிட்டேன். இப்போது அந்தக் கவுண்டரில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் நிற்கிறீர்களாம். டண்டினொங்கில் மரக்கறிக் கடையில் மூன்று தமிழர் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துப்பாக்கி விற்கிற துவக்குக் கடையில் மூன்று தமிழர் என்றால் அது செய்தி. ஆகவே உங்களுக்காக எழுதி வைக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடையில் அம்மா என்னைத் திட்டினால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் துவக்குச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போனவள் நான். மெல்பேர்ணுக்கு வந்து, கடைசியில் துவக்குக் கடையிலேயே தொலைபேசி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை கிடைத்த அன்று என் கணவர் "என்ன கடை?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் சொன்னபிறகு எழுந்து போய்த் தேத்தண்ணீர் போட்டார். எனக்கு அல்ல, தனக்கு. கோயிலில் யாராவது கேட்டால் "ஸ்போர்ட்ஸ் சாமான் கடை" என்று சொல்லிவைப்பேன். பொய்யில்லை. இலக்குக்குச் சுடுவதும் ஸ்போர்ட்ஸ்தானே. ஆனாலும் விநாயகருக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்லும்போது தும்பிக்கை கொஞ்சம் அசைந்த மாதிரி இருக்கும்.

தொலைபேசியிலிருந்து என்னைக் கவுண்டருக்கு இழுத்துவிட்டவர் கடையின் பின்பக்கம் இருக்கிற, சுட்டுப் பழகும் ரேஞ்சை நடத்திய வெள்ளைக்காரி. மனதுக்குள் நான் அவருக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தேன். நடையும் அதட்டலும் அப்படி. அவர் எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று. "எது நல்லது என்று கேட்டு வருகிறவர்களுக்கு உடனே பதில் சொல்லாதே. யாருடைய கைக்கு, எந்த நேரத்துக்கு என்று திருப்பிக் கேள்." நான் அதைக் கிளிப்பிள்ளை மாதிரிப் பாடமாக்கி, துவக்குக் குழாய் துடைக்கும் பிரஷ் வாங்க வந்த ஒரு கிழவரிடமும் "எந்த நேரத்துக்கு?" என்று கேட்டேன். "பின்னேரச் சாப்பாட்டுக்குப் பிறகு" என்றார் அவர், மிக மரியாதையாக. பெரியம்மா ரேஞ்சின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது. கேள்வியை எப்போது கேட்பது என்பதும் கேள்வியில் பாதி என்று அன்று விளங்கியது.

இனி பூட்ஸ் கதை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தமிழர் கடைக்குள் வந்தார். நெற்றியில் விபூதி. பின்னால் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் மெலிந்த ஒரு பெண் பிள்ளை. அவர் கவுண்டருக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா... நீங்கள் கோயிலிலை மோதகம் அவிக்கிற அக்கா எல்லோ?"

என் ஸ்போர்ட்ஸ் சாமான் கடை அன்றோடு முடிந்தது. ஒளிக்க இடமில்லை. எனக்குப் பின்னால் சுவர் நிறையத் துவக்கு.

"ஓம் தம்பி. அங்கை மோதகம், இஞ்சை தோட்டா. என்ன வேணும் சொல்லுங்கோ."

அவர் பெயர் மகேந்திரன். ரோவிலில் வீடு, டண்டினொங்கில் ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வை வேலை. கூட வந்தது மகள் துர்க்கா. படிப்பு நீர்ச் சோதனை. டார்வினுக்கு அப்பால், வெள்ளம் வந்து வடியும் சதுப்பு வெளிகளில் தண்ணீர் மாதிரிகளை எடுக்க அவளுடைய கம்பனி அனுப்புகிறது. அங்கே காட்டெருமை உண்டு, பன்றி உண்டு. ஆகவே போகிறவர்களுக்குக் கம்பனி ஒரு பிஸ்டலும் கொடுக்கிறது. தோள் உயரத்துக்குக் கையை நீட்டிப் பிடித்துச் சுடும் பலமான பிஸ்டல், சுட்டவுடன் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. அனுமதிகள், பூட்டுகள், அனுப்பும் முறைகள் எல்லாம் சரியாக இருந்தன. அந்த வழமைகள் உங்களுக்கு மனப்பாடம் என்பதால் விட்டுவிடுகிறேன். பிஸ்டல் ஏற்கெனவே எங்கள் பாதுகாப்புப் பெட்டியில் இருந்தது. எந்தத் தோட்டா என்பதை மட்டும், அவரவர் கைக்குச் சரிபார்த்துச் சொல்லும்படி கம்பனி எங்களிடம் விட்டிருந்தது. திங்கட்கிழமை துர்க்காவுக்குப் பயணம்.

"இருக்கிறதிலையே பாரமானதைத் தாங்கோ அக்கா," என்றார் மகேந்திரன். "ஈயத்தைக் கடுமையா வார்த்த குண்டு. சும்மா மெல்லிசு வேண்டாம். வீடியோவிலை பாத்தனான்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதுதான் எனக்குச் சிக்கல். முழுக்கப் பிழையாகப் பேசுகிறவரைத் திருத்துவது சுகமான வேலை. முக்கால்வாசி சரியாகப் பேசுகிறவரோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சாதாரணக் குண்டு பட்டவுடன் நசிந்து விரியும். எருமை போன்ற பெரிய உடம்பில் அது தோலுக்குக் கீழேயே நின்றுவிடலாம். ஈயத்தோடு வேறு உலோகம் சேர்த்துக் கடினமாக வார்த்த குண்டு விரியாது. பாரமாகவும் இருந்தால் எலும்பையும் துளைத்து நேரே போகும். நானும் அந்த வகையைத்தான் காட்டியிருப்பேன். அதில் எங்களிடம் இரண்டு அளவு இருந்தது. ஒன்று நடுத்தரப் பாரம். மற்றது, கையில் எடுத்தாலே "அம்மாடி" என்னும் பாரம்.

மகேந்திரன் அம்மாடியைத் தொட்டார். "இதுதான்."

"முதலைக்கும் இது காணும்தானே?" என்று மேலும் கேட்டார்.

"முதலைக்கு மருந்து தோட்டா இல்லைத் தம்பி. கரையிலையிருந்து தள்ளி நிக்கிறதுதான்."

"அதுக்கு எங்களிட்டை நீளக் கம்பு இருக்கு அன்ரி," என்றாள் துர்க்கா. அதுதான் அவள் வாய் திறந்த முதல் தரம். "நுனியிலை போத்தல் கட்டியிருக்கும். தள்ளி நிண்டு எடுப்பம்."

நான் பெரியம்மாவின் கேள்வியை அவளிடம் கேட்டேன். "பிள்ளை, உங்களுக்கு எது கைக்குச் சரி எண்டு நினைக்கிறியள்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தகப்பன் பதில் சொன்னார். "அவவுக்கு என்ன தெரியும்? பெரிசா எடுப்பம். பிறகு பழகீடும்."

துர்க்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அன்ரி, இயர் செவனுக்கு அப்பா வாங்கின ஸ்கூல் பிளேசர் இயர் ட்வெல்விலையும் எனக்குப் பெரிசாத்தான் இருந்தது."

"வளர்ற பிள்ளைக்கு அளவா எடுக்கிறதோ? காசு என்ன மரத்திலையோ காய்க்குது?" என்றார் அவர். எங்கள் சனத்துக்கு இது தெரிந்த வியாதிதான். சப்பாத்து வாங்கினால் முன்னுக்குப் பஞ்சு அடைப்போம். சட்டை வாங்கினால் கீழே நான்கு விரல் மடித்துத் தைப்போம். பிள்ளை வளர்ந்து நிரப்பிக்கொள்ளும் என்று நம்புவோம். என் மகனும் பஞ்சு அடைத்த சப்பாத்தோடுதான் படித்தான். ஆனால் தோட்டாவுக்குள் பஞ்சு அடைக்க முடியாது.

"வாருங்கோ, சுட்டுப் பாப்பம்," என்றேன்.

ரேஞ்சில் பெரியம்மா நின்றார். துர்க்கா காதுக்கு மூடி போட்டு, இரண்டு கையாலும் பிஸ்டலைப் பிடித்து, பாரமான தோட்டாவைச் சுட்டாள். முதல் வெடி நல்ல வெடி. இரண்டாவது வெடித்ததும் பிஸ்டல் நின்றுவிட்டது. வெளியே பறந்திருக்க வேண்டிய, தோட்டாவின் வெற்றுக் கோது மேலே இருக்கிற திறப்பில் நட்டுக்கொண்டு நின்றது. பெரியம்மா அதை எடுத்துவிட்டார். திரும்பவும் சுட்டாள். திரும்பவும் நட்டுக்கொண்டது.

"துவக்குப் பழுது," என்றார் மகேந்திரன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றுகொண்டு.

அவருக்கும் ஒரு தரம் சுட்டுப் பார்க்க ஆசை. அதற்கான சடங்குகளை முடித்து, பெரியம்மா பக்கத்தில் நின்றுகொண்டு அவரைச் சுட விட்டார். மனுசனுக்குக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கி வளர்ந்த கை. காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, படபடவென்று சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை. காதுமூடியைக் கழற்றிக்கொண்டு வெற்றி வீரராக வெளியே வந்தார்.

"பாத்தீங்களோ? துவக்கும் சரி, தோட்டாவும் சரி!"

அப்படியென்றால் பிழை யாரில் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. துர்க்கா தன் வலது மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துத் தடவிக்கொண்டு, "இட்ஸ் ஃபைன், அப்பா. ஐ வில் பிராக்டிஸ்," என்றாள். பிளேசருக்குள் வளரச் சொன்ன பிள்ளை இப்போது பிஸ்டலுக்குள் வளரப் போகிறது, அதுவும் திங்கட்கிழமைக்குள்.

தகப்பன் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் கேட்டேன். "பிள்ளை, உண்மையைச் சொல்லுங்கோ. ஏலுமோ?"

"டீமிலை மற்ற ரெண்டு பேரும் பாரமானதுதான் எடுத்தவை அன்ரி. நான்தான் ஒரே பொம்பிளை. நான் மட்டும் சின்னது கேட்டா, வாய் திறந்து சொல்ல மாட்டினம். ஆனா அடுத்த முறை ஃபீல்டுக்கு வேறை ஆளை அனுப்புவினம்."

இப்போது நிலைமையைப் பாருங்கள். வாங்க வந்தவருக்குப் பாரமானது வேண்டும். பாவிக்கப் போகிறவளும் பாரமானதைத்தான் கேட்கிறாள். விற்கிறவள் இரண்டு பெட்டியை எடுத்து நீட்டினால் எல்லோரும் சந்தோசமாக வீட்டுக்குப் போகலாம். எருமை மட்டும்தான் கடைக்கு வந்து கருத்துச் சொல்லவில்லை. கவுண்டரில் நிற்கிறவர்களுக்கு வருகிற உண்மையான நெருக்கடி இப்படித்தான் இருக்கும், பிள்ளைகளே. யாரும் கத்த மாட்டார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் அந்தத் தலையாட்டலைக் குழப்ப வேண்டும்.

எனக்குக் கேள்வியின் மற்றப் பாதி ஞாபகம் வந்தது. கையைக் கேட்டுவிட்டேன், நேரத்தைக் கேட்கவில்லை.

"எருமை வாற நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டு நிப்பீங்கள்?"

துர்க்கா யோசித்தாள். "தண்ணி எடுத்துக்கொண்டு."

"அப்ப கம்பு?"

"இடக்கையிலை." சொன்னவுடன் அவளுக்கே விளங்கிவிட்டது. "கம்பை விடேலாது அன்ரி. அதிலை பத்து மணித்தியால வேலை தொங்கும்."

"எருமைக்கு முன்னாலையும் விட மாட்டீங்களோ?"

"யோசிச்சு விடுறதுக்குள்ளை எருமை வந்திடும்."

நான் போய்க் கடை துடைக்கிற மொப்பை எடுத்து வந்தேன். பெரியம்மா என்னையும் மொப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை அசைத்தார். துர்க்காவின் இடக்கையில் மொப். வலக்கையில் பிஸ்டல். பெரியம்மா தோளோடு தோளாக நின்று, ஒவ்வொரு தரமும் இரண்டே இரண்டு தோட்டா மட்டும் போட்டுக் கொடுத்தார். பாரமான தோட்டாவில் ஒவ்வொரு தரமும் முதல் வெடியோடு சிக்கியது. இரண்டாவது வெடி வரவே இல்லை.

"அவவுக்குக் கை பழகேல்லை," என்றார் மகேந்திரன்.

"அப்ப நீங்கள் ஒருக்கா மொப்பைப் பிடியுங்கோ தம்பி."

அவர் சிரித்துக்கொண்டே மொப்பை வாங்கினார். சிரித்துக்கொண்டே சுட்டார். வெற்றுக் கோது திறப்பில் நட்டுக்கொண்டு நின்றது. அடுத்த தரம் சிரிக்காமல் சுட்டார். அதுவும் சிக்கியது. ஒரு கையில் மொப்போடு, மறுகையில் சிக்கின பிஸ்டலோடு, விபூதிப் பூச்சோடு அந்த மனிதர் நின்ற கோலத்தைப் பார்த்துப் பெரியம்மா சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

விசயம் சின்னது. இந்த வகைப் பிஸ்டல் தன் உதையின் பலத்திலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் கை அசையாமல் நின்று கொடுக்க வேண்டும். தோட்டாவின் உதை கையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனால், பிஸ்டலுக்குத் தன் வேலையைச் செய்யப் பலம் மிஞ்சாது. இரண்டு கையும் காலும் ஊன்றி நிற்கிற ரேஞ்சில் மகேந்திரனின் கை போதும். சேற்றில் ஒரு கையோடு நின்றால் அவருடைய கையும் போதாது.

பிறகு நடுத்தரப் பாரத் தோட்டா. அதுவும் கடினமாக வார்த்த ஈயம்தான், கொஞ்சம் பாரம் குறைவு, அவ்வளவே. துர்க்கா மொப்போடு சுட்டாள். இரண்டும் வெடித்தன. திரும்பச் சுட்டாள். இரண்டும். பெரியம்மா போதும் என்று கை காட்டும் வரைக்கும் சுட்டாள். ஒன்றும் சிக்கவில்லை.

"ஒரு தோட்டாவுக்குப் பிறகு நிண்டுபோற துவக்கிலை எவ்வளவு பாரம் இருந்தும் என்ன?" என்றேன் மகேந்திரனிடம். "இரண்டாவது வெடிதான் தம்பி நான் விக்கிறது."

ரேஞ்சிலிருந்து வந்தவர்கள் ஈயம் போகக் கை கழுவ வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். துர்க்கா கை கழுவப் போனாள். நான் நடுத்தரப் பெட்டிகளை எடுத்து வைத்தேன். மகேந்திரன் கவுண்டரில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, மேலை அவவின்ரையை அடுக்குங்கோ. அடியிலை மற்றதைக் கொஞ்சம் வையுங்கோ. அவவுக்குத் தெரியத் தேவையில்லை. ஒரு காவலுக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயணப் பையின் அடியில், பிள்ளைக்குத் தெரியாமல் கருவாட்டுப் பொட்டலம் வைக்கிற பழக்கம்! கருவாடு என்றால் விமான நிலையத்தில் பிடிபடும், தண்டம் கட்டலாம். இது சேற்றுக்கு நடுவில், எருமைக்கு முன்னால் பிடிபடும்.

"தம்பி, உங்கடை மகள் நம்பி எடுக்கப்போற பெட்டி இது. அதிலை அவவுக்குத் தெரியாத ஒண்டை வைக்க மாட்டன். இந்தக் கதையைத் திரும்பக் கதைச்சா, ஒண்டுமே விக்க மாட்டன்."

சத்தமாகத்தான் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த கதிரையில் இருந்தார்.

"பயமாக் கிடக்கக்கா," என்றார். "இவவைக் கைக்குழந்தையாத் தூக்கிக்கொண்டு வள்ளத்திலை வந்தனான். அண்டைக்கு எது வந்தாலும் நடுவிலை நான் நிண்டனான். இப்ப அவ போற இடத்துக்கு நான் கூடப் போகேலாது. அதுதான், பாரமா ஒண்டை அனுப்பினாலாவது எண்டு..."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடை முழுக்கத் துவக்கும் தோட்டாவும் நிறைந்த அந்த இடத்தில், அந்த மனிதருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கடையில் இல்லாத சாமானைக் கேட்டு வருகிறவர்கள் எங்கள் தொழிலில் அதிகம், பிள்ளைகளே. அவர்களைக் கோபித்துக்கொள்ள அவசரப்படாதீர்கள்.

"அவவின்ரை கையாலை வெடிக்கிறதைத்தான் அனுப்பலாம் தம்பி," என்றேன். "அதுக்கு மேலை எனக்கும் ஏலாது."

துர்க்கா திரும்பி வந்தாள். தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கடைக்குள் ஒரு சுற்று நடந்தார். வாசலுக்குப் பக்கத்தில் பூட்ஸ் அடுக்கியிருக்கிற தட்டில் நின்றார். முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு சோடியைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார்.

"இதையாவது நான் எடுக்கலாமோ?"

அதைத் திருப்பிப் பார்த்தேன். எட்டாம் நம்பர்.

"அப்பா, மை சைஸ் இஸ் சிக்ஸ்," என்றாள் துர்க்கா.

"சொக்ஸ் ரெண்டு போட்டா நிறைஞ்சிடும்."

பிள்ளை என்னைப் பார்த்தது. நான் சிரித்துவிட்டேன். வந்ததிலிருந்து அந்த மனிதரைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கிறோம், ஒரு பூட்ஸிலாவது வெல்லட்டுமே என்று நினைத்தேன். தோட்டா என்றால் நான் பிடிவாதக்காரி, பூட்ஸில் எனக்கு என்ன வந்தது? பில் போட்டுக் கொடுத்தேன். போகும்போது மகேந்திரன், "கோயிலிலை உங்களைப் பற்றி ஒண்டும் சொல்ல மாட்டன் அக்கா," என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் மூன்று பேர் என்னிடம் வந்து முயல் சுடுகிற துவக்கு என்ன விலை என்று கேட்டார்கள்.

மழைக்காலம் வந்து போனது. அடுத்த வருடம், அவளுடைய அடுத்த பயணத்துக்கு முன்பு, இன்னொரு சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். மகேந்திரனின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள்ளிருந்து சேறு காய்ந்த இடது பூட்ஸை எடுத்து, என் சுத்தமான கவுண்டரில், கோயிலில் தட்டு வைக்கிற பக்குவத்தில் வைத்தார்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் சிரிச்சனீங்கள் எல்லோ?"

"ஓம், சிரிச்சனான்."

"இப்ப இவவைக் கேளுங்கோ."

துர்க்கா சொன்னாள். வெள்ளம் வடிந்த வெளி. நடுப்பகல். அவள் இடக்கையில் கம்போடு நிற்கிறாள், வலது கால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் சேற்றில் புதைந்திருக்கிறது. வாகனம் கூப்பிடு தூரத்தில். புல்லுக்குள்ளிருந்து எருமை வெளியே வந்து, நின்று பார்த்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடி வந்தது. கம்பை விட வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. ஒற்றைக் கையால் சுட்டாள். முதல் குண்டு எருமைக்கு முன்னால் சேற்றில் விழுந்தது. எருமை நிற்கவில்லை. இரண்டாவதும் வெடித்தது. எருமை பக்கத்தால் விலகி, கொஞ்சத் தூரம் போய் நின்று திரும்பியது.

"திரும்ப வரப்போகுது எண்டு விளங்கிச்சுது அன்ரி. ஓட வேணும். ஆனா பூட்ஸ் சேத்துக்குள்ளை இறுகீட்டுது. இழுக்கிறன், வரேல்லை. சரி முடிஞ்சுது எண்டு நினைச்சன். பிறகு பாத்தா, பூட்ஸ் அங்கையே நிக்குது, கால் மட்டும் வந்திட்டுது!"

எட்டாம் நம்பர் பூட்ஸுக்குள் ஆறாம் நம்பர்க் கால். அளவாக இருந்திருந்தால் வந்திருக்காது. இடது காலில் பூட்ஸும் வலது காலில் இரண்டு சொக்ஸுமாக அவள் வாகனத்துக்கு ஓடினாள். கம்பையும் கொண்டுதான் ஓடினாள்.

பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கதையைச் சொன்னேன். அவர் பூட்ஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஏணி எடுத்து வந்து, தோட்டா அலுமாரிக்கு மேலே அதைத் தானே வைத்தார். "இதை யாரும் துடைக்கக் கூடாது" என்றார். அந்தச் சட்டம் இன்றைக்கும் உங்களுக்கு உண்டு.

இதிலிருந்து என்ன பாடம் எடுப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். தோட்டா விசயத்தில் நான் சரி. பூட்ஸ் விசயத்தில் அந்த மனிதர் சரி. இரண்டாவது வெடி வராமல் போயிருந்தால் பூட்ஸுக்கு வேலையே வந்திராது. பூட்ஸ் அளவாக இருந்திருந்தால் இரண்டாவது வெடியாலும் பலனில்லை. யாருடைய கைக்கு, எந்த நேரத்துக்கு என்று கேட்கச் சொல்லித்தந்தார் பெரியம்மா. யாருடைய காலுக்கு என்று கேட்க அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆகவே கவுண்டரில் நிற்கும்போது, உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காதீர்கள். தெரியாத இடத்தில் வருகிறவர்களை அதிகம் திருத்தப் போகாதீர்கள்.

மகேந்திரன் பெரியம்மாவோடு பூட்ஸைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது துர்க்கா என் பக்கம் குனிந்தாள்.

"அன்ரி, எருமை எதுக்கு விலகிச்சுது எண்டு எனக்குத் தெரியாது. சுட்ட சத்தத்துக்கோ, நான் கத்தின சத்தத்துக்கோ."

"என்னெண்டு கத்தினனீங்கள்?"

வீட்டில் தகப்பன் தமிழில் எது கேட்டாலும் இங்கிலீசில் பதில் சொல்கிற பிள்ளை அது. முகம் சிவந்துபோய்ச் சொன்னாள்.

"அப்பா எண்டு."

"அவருக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னா அடுத்த முறை கூடவே வந்திடுவார்."

பிறகு வியாபாரத்துக்கு வந்தோம். "இந்த முறை எந்தத் தோட்டா?" என்று பொதுவாகக் கேட்டேன். மகேந்திரன் வாயைத் திறந்தார். மூடினார். மகள் பக்கம் கையைக் காட்டினார்.

"அதே நடுத்தரம் அன்ரி. அதை நான் எடுக்கிறன்," என்றாள் துர்க்கா. பிறகு தகப்பனைப் பார்த்தாள். "பூட்ஸை அப்பா எடுக்கட்டும்."

அவர் பூட்ஸ் தட்டுக்கு முன்னால் போய் வெகுநேரம் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே கை விட்டுப் பார்த்து, திருப்பி வைத்தார். கடைசியில் ஒரு சோடியோடு வந்தார். நான் அடியைத் திருப்பி நம்பரைப் பார்த்தேன்.

ஒன்பது.

துர்க்கா மூன்று சோடி சொக்ஸ் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். நான் பில் போட்டேன்.